நத்தை சொல்லும் சாட்சியம்

ஒரு நிலம் வறண்டுபோனால் அதற்குப் பொறுப்பு யார்? பெய்யாது போன வானமா? அந்நிலத்தில் வாழ்ந்த மனிதரா? புவியியலாளரும் வேளாண்மைத் துறையினரும் தம்முள் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டிய வினா இது என்றே முதலில் தோன்றும். ஆயின், இவ்வினாவிற்கு அளிக்கப்பட்ட விடைகளை ஆதாரமாகக் கொண்டு மனிதர் தண்டிக்கப்பட்டிருக்கின்றனர். சிலருடைய மந்தைகள் சட்டத்தின் பெயரால் ஒடுக்கப்பட்டன. சிலர் தாம் பிறந்த மண்ணைக் கெடுத்தவர்கள் என்றும், அதனால் அம்மண்ணிற்கு உரிமையற்றவர்கள் என்றும் நூல்களில் எழுதப்பட்டனர். எனவே இது அறம் பற்றிய வினாவுமாகும்.

குற்றச்சாட்டு என்று வந்துவிட்டால் சாட்சி வேண்டும். கடந்த காலத்தைப் பற்றிய வழக்குகளில் சாட்சிக் கூண்டில் ஏறியோர் பெரும்பாலும் எழுதத் தெரிந்தவர்களே. வரி அறவிட்டவன் எழுதிவைத்தான். படை நடத்தியவன் எழுதிவைத்தான். பயணம் வந்த கனவான் தன் நாட்குறிப்பில் எழுதிவைத்தான். ஆடு மேய்த்தவன் எழுதவில்லை. எழுதாதவன் வரலாற்றில் எப்போதும் பிறர் வாயால் பேசப்படுபவன். பிறர் வாய் அவனுக்கு நீதி செய்தது அரிது.

இந்நிலையில், எழுத்தறியாத, எந்த அரசுக்கும் கடமைப்படாத ஒரு சாட்சி கடந்த சில தசாப்தங்களாக விசாரிக்கப்பட்டு வருகின்றது. அது தரையில் ஊரும் நத்தை. நத்தை இறந்து பல்லாயிரம் ஆண்டுகள் சென்ற பின்னரும் அதன் ஓடு மண்ணுள் கிடக்கின்றது. அவ்வோட்டின் இரசாயன அமைப்பைக் கொண்டு, அது வாழ்ந்த காலத்தில் எத்தகைய மழை பெய்தது, எத்தகைய செடிகள் வளர்ந்தன என்று அறியும் முறையை அறிவியலாளர் வகுத்துள்ளனர். இச்சாட்சியத்தை எவ்வாறு செவிமடுப்பது, இதிலிருந்து எவ்வளவு தூரம் தீர்ப்புக்குச் செல்வது என்பதே நாம் இக்கட்டுரையில் ஆராய முனைவது. பொதுப்படப் பேசாது, உண்மையான ஒரு வழக்கையே எடுத்துக்கொள்வோம்.

இஸ்ரேலின் தென்பகுதியில் விரிந்து கிடப்பது நெகெவ் பாலைநிலம். அதன் வட விளிம்பில் ஆண்டுக்கு ஏறத்தாழ 300 மில்லிமீற்றர் மழை பெய்கின்றது. தெற்கே செல்லச் செல்ல மழை குறைந்து, செங்கடற் கரையை அடையும்போது ஏறத்தாழ 30 மில்லிமீற்றர் அளவாகச் சுருங்கிவிடுகின்றது. இவ்விரண்டு எல்லைகளுக்கும் இடையில், மழை மிக அரிதான மேட்டுநிலங்களில், அவ்தாத், சிவ்தா, எலூசா என்னும் பழைய ஊர்களின் இடிபாடுகள் காணப்படுகின்றன. பைசாந்தியப் பேரரசின் காலத்தில் இவ்வூர்களில் தேவாலயங்கள் இருந்தன. திராட்சை பிழியும் ஆலைகள் இருந்தன. மலைச்சரிவில் ஓடிவரும் மழைநீரைக் கல்லணைகளால் மறித்துப் பயிர் செய்த வயல்களின் சுவடுகள் இன்றும் உள. இவ்வளவு செழித்த நிலம் ஏன் பாழாயிற்று?

இரண்டு விடைகள் இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் பெரிதும் பேசப்பட்டன. யேல் பல்கலைக்கழகத்துப் புவியியலாளர் எல்ஸ்வேத் ஹண்டிங்டன் 1911இல் பலஸ்தீனத்தைப் பற்றி எழுதிய நூலில், மழை குன்றியதே காரணம் என்றார். ஐக்கிய அமெரிக்காவின் மண்காப்புத் துறையைச் சேர்ந்த வோல்டர் லவ்டர்மில்க் 1939இல் பலஸ்தீனத்திற்கு வந்து ஆராய்ந்து 1944இல் ஒரு நூல் வெளியிட்டார். அவரோ வானத்தில் குற்றமில்லை என்றார். அரபு வெற்றியின் பின் வந்த கவனிப்பின்மையும், நாடோடி மேய்ப்பரின் ஆடுகளுமே மண்ணைக் கரைத்துப் பாழாக்கின என்பது அவர் முடிபு.

இவ்விரு விடைகளும் வெறும் ஏட்டுக் கருத்துகளாக நின்றுவிடவில்லை. ஹண்டிங்டன் காலநிலையைக் கொண்டு இனங்களின் ஆற்றலைத் தரம்பிரிக்கப் புகுந்தவர். 1930களில் அமெரிக்க இனமேம்பாட்டுச் சங்கத்தின் தலைவராகவும் விளங்கியவர். வெப்ப நாட்டு மக்கள் பின்தங்கியிருப்பது வானத்தின் விதி என்றால், அவர்களைச் சுரண்டியவனுக்கு அதைவிட ஆறுதலான தத்துவம் வேறென்ன உண்டு? மறுபுறத்தில், ஆடுதான் குற்றவாளி என்னும் கருத்து சட்டமாகவே உருவெடுத்தது. 1950இல் இஸ்ரேல், தாவரங்களை ஆடுகளின் சேதத்திலிருந்து காப்பதற்கென ஒரு சட்டம் இயற்றிற்று. கருப்பு ஆடே பெதூயின் மேய்ப்பரின் செல்வம் ஆதலால், அச்சட்டத்தின் சுமை யார் தலையில் வீழ்ந்தது என்பதை விளக்கவேண்டியதில்லை. 2018இல் அது நீக்கப்பட்டது. காட்டின் அடியில் வளரும் புதர்களை ஆடுகள் மேய்ந்தால் காட்டுத்தீக்கு இரை குறையும் என்பது நீக்கத்திற்குக் கூறப்பட்ட நியாயங்களுள் ஒன்று. காட்டின் பகைவன் எனப்பட்ட விலங்கு 68 ஆண்டுகளுக்குப் பின் காட்டின் காவலன் ஆயிற்று.

இனி நமது சாட்சியிடம் வருவோம்.

நத்தையின் ஓடு கல்சியம் காபனேற்றினால் ஆனது. அதிலுள்ள ஒட்சிசன் அணுக்கள் யாவும் ஒரே திணிவுடையன அல்ல. இரசாயன இயல்பில் ஒத்து, திணிவில் மாத்திரம் வேறுபடும் அணுக்களைச் சமதானிகள் என்கிறோம். இயற்கையிலுள்ள ஒட்சிசனில் மிகப் பெரும் பங்கு திணிவெண் 16 உடையது. ஏறத்தாழ ஐந்நூற்றில் ஒன்று திணிவெண் 18 உடையது. பாரமான அணுவைக் கொண்ட நீர் சற்றுத் தயங்கியே ஆவியாகும். மேகத்திலிருந்து சற்று முந்தியே மழையாக வீழும். ஆகவே ஒரு மழைநீரில் இவ்விருவகை அணுக்களும் எந்த விகிதத்தில் உள்ளன என்பது, அம்மழை எங்கிருந்து எழுந்து எவ்வழி வந்தது, எவ்வளவு பெய்தது, எவ்வளவு ஆவியாகியது என்பவற்றைச் சார்ந்தது. நத்தை அந்த நீரைத் தன் உடலில் ஏற்கின்றது. உடல்நீரின் விகிதம் ஓட்டில் படிகின்றது. திணிவு வேறுபாட்டைக் கொண்டு அணுக்களைப் பிரித்தறியும் நுண்கருவி அவ்விகிதத்தை மீண்டும் வெளிக்கொணர்கின்றது.

இந்த அறிவின் மூலவருள் ஒருவர் ஹரல்ட் யூரி. பாரமான ஐதரசனைக் கண்டறிந்தமைக்காக 1934இல் நோபெல் பரிசு பெற்றவர். இரண்டாம் உலகப்போரின்போது அணுகுண்டுத் திட்டத்திற்காக யுரேனியத்தின் சமதானிகளைப் பிரிக்கும் ஆய்வை வழிநடத்தியவர்களுள் அவரும் ஒருவர். போர் முடிந்தபின் அவர் அணுவாயுதத்திற்கு எதிராகப் பேசினார். 1953இல் ரோசன்பேர்க் தம்பதியர் மரணதண்டனையை எதிர்நோக்கி நின்றபோது அவர்களுக்காகக் குரல் கொடுத்தார். அதே காலப்பகுதியிற்றான் அவரும் அவருடைய சகாக்களும் சிக்காகோவில் இருந்துகொண்டு, சமதானிகளைக் கொண்டு பண்டைக் கடல்களின் வெப்பத்தை அளக்கும் முறையை உருவாக்கினர். கணவாய் இனத்தைச் சார்ந்த, அழிந்துபோன ஒரு கடலுயிரின் சுவட்டை அவர்கள் வளையம் வளையமாக ஆராய்ந்து 1951இல் முடிவை வெளியிட்டனர். இளமை கழிந்தபின் அவ்வுயிர் மூன்று கோடைகளையும் நான்கு மாரிகளையும் கண்டு இளவேனிலில் இறந்தது என்று அவர்களால் கூற முடிந்தது. பல கோடி ஆண்டுகளுக்கு முன் இறந்த உயிருக்கு நாட்குறிப்பு எழுதிய சாதனை இது. ஒரு நகரத்தை எரிக்க உதவிய அறிவின் கிளையே இவ்வளவு மென்மையான வரலாற்றையும் எழுதிற்று. அறிவு தன் பயனைத் தானே தெரிந்துகொள்வதில்லை என்பதற்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டுத் தேவையில்லை.

கடல்வாழ் உயிருக்கு வகுத்த முறை தரைவாழ் நத்தைக்கும் பொருந்துமா என்னும் ஆய்வு 1970களில் வலுப்பெற்றது. ஒட்சிசனைப் போலவே காபனும் பேசும் என்பது அப்பொழுது தெளிவாயிற்று. ஒளித்தொகுப்பில் தாவரங்கள் எல்லாம் ஒரே வழியைக் கைக்கொள்வதில்லை. நெல், கோதுமை முதலியன ஒரு வகை. கரும்பு, சோளம், குரக்கன் முதலியன வேறொரு வகை. வெப்பமும் வறட்சியும் மிகுந்த நிலத்தைச் சமாளிக்க வல்லவை இரண்டாம் வகையினவே. இவ்விரு வகைத் தாவரங்களிலும் காபனின் சமதானி விகிதம் தெளிவாக வேறுபடும். எந்தச் செடியை நத்தை மேய்ந்ததோ அந்தச் செடியின் முத்திரை, ஓட்டினுள் சிக்குண்டு கிடக்கும் புரதப் பொருளில் பதிந்துவிடும்.

கிளென் குட்பிரெண்டு என்னும் ஆய்வாளர் நெகெவில் செய்தது இதுதான். முதலில் அவர் இன்றைய நத்தைகளை ஆராய்ந்தார். ஆண்டுக்கு 300 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெறும் இடங்களில் அநேகமாக எல்லா ஓடுகளும் முதல்வகைத் தாவரங்களையே காட்டின. 230 மில்லிமீற்றருக்குக் குறைந்த இடங்களில் பெரும்பாலான ஓடுகளில் வறட்சிக்குரிய இரண்டாம் வகைத் தாவரத்தின் முத்திரை கலந்திருந்தது. இந்த எல்லைக்கோட்டை இன்றைய நிலப்படத்தில் வரைந்துகொண்டபின், மண்ணுள் புதைந்த பழைய ஓடுகளை எடுத்து, அவற்றின் வயதைக் கதிர்த்தொழிற்பாட்டுக் காபனால் கணித்து, அதே சோதனையைச் செய்தார். 1990இல் வெளியான அவருடைய முடிபு இது: ஏறத்தாழ 6500 ஆண்டுகளுக்கும் 3000 ஆண்டுகளுக்கும் முற்பட்ட இடைக்காலத்தில், அந்த எல்லைக்கோடு இன்று இருப்பதிலும் ஏறத்தாழ 20 கிலோமீற்றர் தெற்கே இருந்தது. அப்பகுதியில் இன்று பெய்வதைப்போல் அநேகமாக இருமடங்கு மழை அன்று பெய்திருக்க வேண்டும்.

இச்செய்தியைக் கேட்டதும் நம் உள்ளத்தில் ஓர் உவகை பிறக்கின்றது. பாலையின் எல்லையை முன்னும் பின்னும் நகர்த்தியது வானமே. ஆகவே ஆடு மேய்த்தவன் குற்றமற்றவன் என்று உடனே தீர்ப்பு எழுதிவிடத் துடிக்கிறோம். ஒடுக்கப்பட்டவன் பக்கம் நிற்பவர்கள் நாம் ஆதலால் அத்துடிப்பு இயல்பானதே. ஆயின் இவ்விடத்திற்றான் நாம் நம்மைத் தடுத்து நிறுத்திக்கொள்ள வேண்டும். நத்தை பேசிய காலம் ஒன்று. வழக்கு நடக்கும் காலம் வேறொன்று. லவ்டர்மில்க் குற்றஞ்சாட்டியது ஏழாம் நூற்றாண்டின் பின் வந்தவர்களை. குட்பிரெண்டின் மழைக்காலமோ அதற்கு ஆயிரத்திற்கு மேற்பட்ட ஆண்டுகளின் முன்பே முடிந்துவிட்டது. அந்த ஓட்டைக் கையிலேந்திக்கொண்டு ஏழாம் நூற்றாண்டு மேய்ப்பனுக்கு விடுதலை கேட்பது, அந்த ஓடு சொல்லாததைச் சொல்லவைப்பதாகும். நமக்கு வேண்டியவனுக்காகவே ஆயினும் சாட்சியைத் திரிப்பது திரிப்பே. இன்று நாம் நன்மைக்காகத் திரித்தால், நாளை எதிராளி திரிக்கும்போது அவனைத் தடுக்கும் உரிமையை இழந்துவிடுகிறோம்.

அப்படியாயின் அந்த ஓடு வழக்கில் யாதொரு பயனும் அற்றதா? அன்று. அது நிறுவுவது ஒன்று உண்டு. இந்நிலத்தில் பாலையின் எல்லை மனிதன் கை பட்டால் அன்றி அசையாத நிலைக்கோடு அல்ல. மழையின் மாற்றமே அதனை 20 கிலோமீற்றர் நகர்த்த வல்லது. ஆகவே, நிலம் கெட்டது மேய்ப்பனால் என்று சொல்ல வருபவன், முதலில் அக்காலத்து மழையை ஆராய்ந்து காட்டவேண்டும். நிரூபிக்கும் பொறுப்பு குற்றஞ்சாட்டுபவனையே சாரும் என்னும் எளிய நீதியை நத்தை மீண்டும் நிலைநாட்டுகின்றது. விடுதலைக்கும் ஐயத்தின் பயனுக்கும் இடையிலுள்ள வேறுபாடு சட்டம் பயின்றோருக்குத் தெரியும். நத்தை மேய்ப்பனுக்குப் பெற்றுத்தந்தது ஐயத்தின் பயன். ஏழைக்கு அதுவும் எளிதில் கிடைப்பதில்லை என்பதை எண்ணினால், அது சிறிய பேறன்று.

ஏழாம் நூற்றாண்டைப் பற்றிப் பேச வேறு சாட்சிகள் உள. எலூசாவின் பழைய குப்பைமேடுகளை அகழ்ந்தாராய்ந்து 2019இல் வெளியான ஆய்வு, ஊரின் குப்பையை ஒழுங்காக அகற்றிக் கொட்டும் வழக்கம் ஆறாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே நின்றுபோனதைக் காட்டிற்று. அதாவது அந்நகரின் தளர்ச்சி அரபுப்படை வருவதற்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு முன்பே தொடங்கிவிட்டது. சிவ்தாவிலோ தேவாலயத்தின் அருகிலேயே ஒரு சிறு பள்ளிவாசலின் சுவடு உள்ளது. வந்தவர்கள் அனைத்தையும் அழித்தார்கள் என்னும் கதைக்கு அது இசைவாக இல்லை. மறுபுறத்தில், நமக்கு வசதியற்ற சான்றும் ஒன்று உண்டு. 1970களில் வானிலிருந்து எடுக்கப்பட்ட படங்களில், மேய்ச்சல் மிகுந்த சினாய்ப் பக்கம் வெளிறியும், மேய்ச்சல் தடுக்கப்பட்ட நெகெவ்ப் பக்கம் கருமையாகவும் தோன்றின. நாட்டெல்லை ஒரு கோடாகவே அப்படங்களில் தெரிந்தது. மிகுந்த மேய்ச்சல் தரையை வெறுமையாக்கும் என்பதை மறுப்பதற்கில்லை. இதனையும் நாம் சொல்லியாக வேண்டும்.

சாட்சியின் நேர்மையைப் பற்றிப் பேசும்போது, சாட்சி எதை அறியும், எதை அறியாது என்பதையும் மனங்கொள்ளல் வேண்டும். பாலைநிலத்து நத்தை ஆண்டின் பெரும்பகுதியை உறக்கத்தில் கழிக்கின்றது. வெயில் ஏறியதும் ஓட்டினுள் ஒடுங்கி, வாயிலைச் சளிப்படலத்தால் அடைத்துக்கொள்கின்றது. எகிப்திலிருந்து கொண்டுவரப்பட்டு, 1846இல் பிரித்தானிய அரும்பொருட்சாலையில் இறந்த பொருளென அட்டையில் ஒட்டிவைக்கப்பட்ட ஒரு பாலைநில நத்தை, 1850இல் நீரில் இட்டபோது தலைநீட்டி ஊர்ந்தது. நான்கு ஆண்டுகள் அது அட்டையின்மேல் உறங்கியிருந்தது. இத்தகைய உயிரின் ஓடு, மழை பெய்த இரவுகளிலும் ஈரம் படர்ந்த வேளைகளிலுமே வளர்கின்றது. கடும் வறட்சியின் நாட்களைப் பற்றி அது எழுதுவதில்லை. அந்நாட்களில் அது கதவடைத்துத் துயில்கின்றது. ஆகவே ஓட்டில் நாம் படிப்பது ஆண்டின் முழுக்கதை அன்று. நத்தை விழித்திருந்த வேளையின் கதை மாத்திரமே.

இன்னொரு இடர்ப்பாடும் உண்டு. ஓடு கட்டுவதற்குச் சுண்ணாம்பு தேவைப்படுவதால் சில நத்தைகள் சுண்ணாம்புக்கல்லைச் சுரண்டி உண்கின்றன. அக்கல்லின் காபன் எண்ணற்ற ஆண்டுகள் பழையது. அது கலந்த ஓட்டின் வயதைக் கதிர்த்தொழிற்பாட்டுக் காபனால் கணித்தால், ஓடு உண்மையிலும் பார்க்க மூவாயிரம் ஆண்டுகள் வரை முதியதாகத் தோன்றக்கூடும் என்பதைக் குட்பிரெண்டும் வேறோர் ஆய்வாளரும் 1983இல் யமேக்காவின் நத்தைகளைக் கொண்டு காட்டினர். சாட்சி பொய் சொல்லவில்லை. அது உண்டதைத்தான் சொல்லிற்று. கேட்டவர் வினாவைத் திருத்த வேண்டியிருந்தது.

கடலாய்விலும் இதே அனுபவம் ஏற்பட்டது. 1955இல் செசாரே எமிலியானி ஆழ்கடற் சேற்றிலுள்ள நுண்ணுயிர் ஓடுகளின் ஒட்சிசன் விகிதத்தைப் பெரும்பாலும் கடலின் வெப்பமாற்றம் என்று படித்தார். 1967இல் நிக்கலஸ் ஷாக்கிள்டன், அம்மாற்றத்தின் பெரும்பங்கு நிலத்தில் பனிக்கட்டி பெருகியதையும் குறைந்ததையுமே காட்டுகின்றது என்றார். எண்கள் மாறவில்லை, எண்களின் பொருள் மாறிற்று. இதனைக் கண்டு, அறிவியலும் கருத்துவேறுபாடுதானே என்று இகழ்பவர் உளர். நாமோ இதனை அறிவியலின் அறம் என்போம். தன் வாசிப்பைப் பிறர் திருத்தவிடும் இயல்பு, ஹண்டிங்டன் இனங்களைத் தரம்பிரித்தபோது அவரிடம் இருக்கவில்லை. ஆட்டைக் குற்றவாளியாக்கிய சட்டத்திடமும் நெடுங்காலம் இருக்கவில்லை.

நேர்மையான விசாரணை நெடுநாளைய தீர்ப்பொன்றை மாற்றவல்லது என்பதற்கு நமது தீவிலும் ஓர் உதாரணம் உண்டு. அயனமண்டல மழைக்காடு ஆதிமனிதன் நிலைத்து வாழ்வதற்குத் தடையான இடம் என்று ஆய்வாளர் பலர் கருதிவந்தனர். பட்டதொம்பலென முதலிய ஈரவலயக் குகைகளில் வாழ்ந்த மனிதர், காட்டு நத்தைகளை உணவாகக் கொண்டு ஓடுகளைக் குவித்துச் சென்றனர். அம்மனிதரின் பற்களை, நத்தை ஓட்டை ஆராய்வது போன்ற அதே காபன், ஒட்சிசன் முறையால் ஆராய்ந்து 2015இல் வெளியிட்டனர். ஏறத்தாழ இருபதினாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அவர்கள் காட்டின் உணவையே பெரிதும் நம்பி வாழ்ந்தனர் என்பது தெரியவந்தது. காடு மனிதனுக்கு ஆகாது என்ற தீர்ப்பு, காட்டில் வாழ்ந்தவனின் பல்லினாலேயே மறுக்கப்பட்டது.

இனி, நம் வினாவின் கடினமான பகுதிக்கு வருவோம். காரணத்தை அறிவதும் பொறுப்பை அறிவதும் ஒன்றல்ல. ஆடு புல்லைத் தின்றது என்பது காரணம். ஏன் அத்தனை ஆடுகள் அச்சிறு நிலத்தில் நின்றன என்பது பொறுப்பைப் பற்றிய வினா. 1948இன் பின் நெகெவில் எஞ்சிய பெதூயின் மக்கள், அதன் வடகிழக்கில் வரையறுக்கப்பட்ட ஒரு பகுதிக்குள் ஒதுக்கப்பட்டு, 1966 வரை இராணுவ ஆட்சியின்கீழ் வாழ்ந்தனர். பரந்த நிலத்தில் பருவத்திற்கேற்ப அலைந்து மேய்த்தவனை ஒரு வேலிக்குள் அடைத்துவிட்டு, வேலிக்குள் புல் தேய்ந்ததற்கு அவனையே குற்றஞ்சாட்டுவது எவ்வகை நீதி? இவ்வினாவிற்கு விடைகூற எந்தச் சமதானியாலும் முடியாது. இரசாயனம் நம்மை வாசல்வரை அழைத்துவந்து விட்டுவிடுகின்றது. உள்ளே செல்ல வேண்டியவர்கள் சமுதாயத்தை ஆராய்பவர்கள்.

இதே வேறுபாட்டை மறைத்துத்தான் இன்றைய பெருங்குழப்பம் ஒன்றும் விளைவிக்கப்படுகின்றது. காலநிலை எக்காலத்தும் மாறிவந்திருக்கின்றது. ஆறாயிரம் ஆண்டுகளின் முன் நெகெவில் இருமடங்கு மழை பெய்யவில்லையா. அன்று எந்தத் தொழிற்சாலை இருந்தது. ஆகவே இன்றைய வெப்பத்திற்கும் யாரும் பொறுப்பல்லர் என்று சொல்வோர் உளர். நத்தையின் சாட்சியத்தையே திருடிக்கொண்டு வரும் வாதம் இது. முன்னொரு நாள் ஒருவர் இயற்கையாக இறந்தார் என்பதைக் காட்டி இன்றைய கொலையை மறைக்க முடியுமா?

இவ்விடத்திலும் காபனே சாட்சி கூறுகின்றது. நிலக்கரியும் பெற்றோலியமும் பண்டை உயிர்களின் எச்சம். ஒளித்தொகுப்பில் தாவரங்கள் இலேசான காபனையே விரும்பி ஏற்பதால், அவ்வெரிபொருள்களில் பாரமான காபன் குறைந்திருக்கும். அவை மிகப் பழையன ஆதலால் கதிர்த்தொழிற்பாட்டுக் காபன் அவற்றில் முற்றாகத் தேய்ந்திருக்கும். அவற்றை எரித்தால் வரும் காபனீரொட்சைட்டு இவ்விரு அடையாளங்களையும் சுமந்தே வரும். வளியில் அந்த அடையாளம் கலந்துவருவதை ஹான்ஸ் சூயஸ் என்னும் ஆய்வாளர் 1955இலேயே எடுத்துக்காட்டினார். கைத்தொழிற் புரட்சிக்கு முன் வளியில் பத்து இலட்சத்திற்கு ஏறத்தாழ 280 பங்காயிருந்த காபனீரொட்சைட்டு இன்று 420 பங்கைத் தாண்டிவிட்டது. கூடிய பங்கு எங்கிருந்து வந்தது என்பதில் ஐயத்தின் பயனுக்கு இடமில்லை. மேய்ப்பனுக்கு ஐயத்தின் பயனைத் தந்த அதே விஞ்ஞானம், எரித்தவனுக்கு அதனை மறுக்கின்றது.

எரித்தவன் யார்? மனிதகுலம் என்று சிலர் விடைகூறுவர். பணிவும் பெருந்தன்மையும் கலந்த விடைபோல் அது ஒலிக்கும். ஆயின், மனிதகுலம் என்ற சொல்லின் நிழலில், எண்ணெய்க் கிணற்றின் உரிமையாளனும், இருபது ஆடுகளை ஓட்டிக்கொண்டு தண்ணீர் தேடி அலைபவனும் ஒரே குற்றவாளிக் கூண்டில் ஏற்றப்படுகின்றனர். முன்பு, உள்ளவனுடைய வசதிக்காக ஏழையைத் தனித்துக் குற்றஞ்சாட்டினர். இன்று அதே வசதிக்காக எல்லோரையும் பொதுவில் குற்றஞ்சாட்டுகின்றனர். காபனின் மூலத்தை இரசாயனம் காட்டிவிட்டது. யார் எரித்தார், எவருடைய இலாபத்திற்காக எரித்தார், வறட்சியும் வெள்ளமும் முதலில் எவர் வாசலில் வந்து நிற்கின்றன என்பவற்றைக் காட்டும் கடமை நமக்குரியது.

ஆகவே, மாணவருக்கும் நமக்கும் இவ்வாய்வு கற்பிக்கும் பாடம் இரண்டு. பேசாத சான்றைப் பேசவைக்கும் ஆற்றல் மனித அறிவின் பெருமை. அது பேசியதற்கு மேல் ஒரு சொல்லும் கூட்டாதிருப்பது மனித அறத்தின் பெருமை. முதலாவதை ஆய்வுகூடம் கற்பிக்கும். இரண்டாவதை வகுப்பறையிலும் கூட்டத்திலும் பத்திரிகையிலும் நாமே ஒருவருக்கொருவர் கற்பித்துக்கொள்ள வேண்டும். நமது பக்கம் நியாயமான பக்கம் என்ற உறுதி, சான்றைக் கவனமாகக் கையாளும் பொறுப்பிலிருந்து நமக்கு விலக்களிப்பதில்லை. நியாயமான பக்கம் ஆதலாலேயே அப்பொறுப்பு இரட்டிப்பாகின்றது.

இன்று மழை பெய்து ஓய்ந்த ஓர் இரவில், வேலியோரத்துச் செடியில் ஒரு நத்தை மேய்ந்துகொண்டிருக்கும். அச்செடி உட்கொண்ட வளியில் நிலக்கரியின் காபனும் எண்ணெயின் காபனும் கலந்திருக்கின்றன. அக்காபன் செடியிலிருந்து நத்தையின் உடலுக்குச் சென்று, உடலிலிருந்து ஓட்டிற்குச் சென்று, அங்கே தங்கிவிடும். நமது காலத்தைப் பற்றிய சாட்சியம் இவ்வாறு ஒவ்வொரு நாளும் எழுதப்பட்டுக்கொண்டே இருக்கின்றது. அதனைப் பின்னொரு நாளில் எடுத்துப் படிப்பவர்கள், எரித்தது யார் என்பதை மட்டும் கேட்கமாட்டார்கள். தெரிந்திருந்தவர்கள் என்ன செய்தார்கள் என்றும் கேட்பார்கள். அந்த இரண்டாவது வினாவிற்குரிய விடையை ஓட்டில் எழுத நத்தையால் முடியாது. அதை எழுத வேண்டியவர்கள் நாம்.